கல்லாவுக்குப் பின்னால் இருக்கும் ரவுட்டர்

2022 ஜூலை 8, வெள்ளிக்கிழமை. கனடா நாட்டில் அன்று கடை திறந்த பலரால் அட்டை மூலம் பணம் வாங்க முடியவில்லை. சரக்கு இருந்தது, வாடிக்கையாளரும் வந்தார். ஆனால் இன்டெராக் என்ற பற்று அட்டைச் சேவை நாடெங்கும் நின்றுபோனது. அதிகாலையில் ரோஜர்ஸ் என்ற தொலைத்தொடர்பு நிறுவனம் தன் கருவிகளில் செய்த ஓர் அமைப்பு மாற்றமே காரணம். ஒரு வடிகட்டி விதி நீக்கப்பட்டதும் தகவல் வெள்ளம் மையக் கருவிகளை அமிழ்த்திவிட்டது. பழுது பார்க்க வேண்டியவர்கள் கருவிகளை எட்டுவதற்கான வழியும் அதே வலையமைப்பை நம்பியிருந்ததால், அதுவும் அடைபட்டது. கிட்டங்கிச் சாவியைக் கிட்டங்கிக்குள்ளேயே வைத்துப் பூட்டியது போலத்தான்!

நமக்கென்ன என்று இருந்துவிட முடியாது. பில் போடும் கணினி, அட்டை தேய்க்கும் கருவி, கேமரா என்று நம் கடைகள் பலவற்றிலும் எல்லாம் ஒரு சிறு ரவுட்டர் வழியாகவே ஓடுகின்றன. அந்தக் கருவிக்கு எப்படிக் கட்டளை இடுகிறார்கள் என்பதை வணிகர்களாகிய நாம் ஓரளவாவது அறிந்திருக்க வேண்டும்.

முன்பெல்லாம் பொறியாளர் வரி வரியாகத் தட்டச்சு செய்வார். பல கருவிகளில் ஒவ்வொரு வரியும் உடனே நடப்புக்கு வந்துவிடும். தவறான ஒரு வரி அவருடைய இணைப்பையே அறுத்துவிட்டால், வண்டி பிடித்து நேரில்தான் போகவேண்டும். 1988இல் வந்த எஸ்.என்.எம்.பி. என்ற முறை கருவியின் நிலையைப் பார்க்க நன்கு உதவியது. அமைப்பை மாற்ற அதை அதிகம் பேர் நம்பவில்லை. வலையமைப்பு நடத்துவோர் 2002இல் இதை நெறிமுறை வகுப்போரிடம் நேரிலேயே எடுத்துச் சொன்னார்கள். அதன் பிறகு 2006இல் நெட்கான்ஃப் என்ற முறையும், வலைத்தளங்களின் மொழியிலேயே பேசும் ரெஸ்ட்கான்ஃப் 2017இலும் வந்தன.

நெட்கான்ஃப் முறையின் சாரத்தை நம் கணக்கப்பிள்ளையிடம் சொன்னால், "இது நமக்குத் தெரிந்ததுதானே" என்பார். முதலில் சிட்டையில் எழுது, சரிபார், பிறகு பேரேட்டில் ஏற்று. இந்த வசதியுள்ள கருவியில் மாற்றங்கள் அனைத்தும் ஒரு வரைவில் சேர்கின்றன. ஒப்புக்கொண்ட பிறகே மொத்தமாக நடப்புக்கு வருகின்றன. ஒருவர் எழுதும்போது மற்றவர் கை வைக்காதபடி பூட்டி வைக்கவும் முடியும். இன்னொரு நல்ல ஏற்பாடும் உண்டு. மாற்றத்தை ஏற்றியபின் குறித்த நேரத்துக்குள் "சரி" என்று மறுபடி சொல்லாவிட்டால், கருவி தானாகவே பழைய நிலைக்குத் திரும்பிவிடும். வேறு நேரம் குறிக்காவிட்டால் 10 நிமிடம். இணைப்பு அறுந்துபோனவரால் "சரி" சொல்ல முடியாது அல்லவா? அதுவே அவரைக் காப்பாற்றுகிறது.

இத்தகைய இடைமுகத்தை வகுப்பதில் இன்னொரு நுட்பம். மண்டிக்கு "10 மூட்டை அனுப்புங்கள்" என்று சொல்லி அனுப்புகிறோம். பதில் வரவில்லை என்று மறுபடியும் சொல்லி அனுப்பினால் 20 மூட்டை வந்து இறங்கும். "என் கடையில் இருப்பு 10 மூட்டை ஆகட்டும்" என்று சொன்னால் எத்தனை முறை சொன்னாலும் 10தான். இணையத்தில் பதில் வழியில் தொலைவது சகஜம். ஆகவே ரெஸ்ட்கான்ஃபில் "சேர்" என்பதற்கு ஒரு கட்டளை, "இப்படி இருக்கட்டும்" என்பதற்கு வேறொரு கட்டளை. வெறுமனே பார்க்கும் கட்டளை எதையும் மாற்றக் கூடாது என்பதும் விதி.

நம் கடைகளில் இருக்கும் மலிவான ரவுட்டர்களில் பெரும்பாலும் இவ்வளவு வசதி இராது. உலாவியில் திறக்கும் அமைப்புப் பக்கம்தான் இருக்கும். அதற்கும் கடவுச்சொல் உண்டு. 2016இல் மிராய் என்ற தீய நிரல், தயாரிப்பாளர் வைத்த கடவுச்சொல்லை மாற்றாமல் விட்ட கேமராக்களையும் ரவுட்டர்களையும் லட்சக்கணக்கில் கைப்பற்றியது. ஆகவே ரவுட்டர் பொருத்த வருபவரிடம் மூன்று கேள்விகள் கேளுங்கள். கடவுச்சொல்லை மாற்றினீர்களா? வெளியிலிருந்து அமைப்புப் பக்கத்தைத் திறக்க முடியாதபடி அடைத்தீர்களா? இப்போதைய அமைப்பை ஒரு கோப்பாக எடுத்துக் கொடுப்பீர்களா? பல ரவுட்டர்களில் இந்த மூன்றாவது வசதி உண்டு. அந்தக் கோப்பைப் பென்டிரைவில் ஏற்றி, கடை உரிமத்தோடு சேர்த்துப் பத்திரப்படுத்துங்கள். வியாபாரம் மும்முரமான நேரத்தில் யாரையும் அமைப்பில் கை வைக்க விடாதீர்கள்.