முதல் 512 பைட்

அரசு கொடுத்த பழைய விலையில்லா மடிக்கணினி ஒன்று உங்கள் வீட்டு பீரோவிலும் இருக்கலாம். 2011 செப்டம்பர் 15 அன்று தமிழ்நாட்டில் அந்தத் திட்டம் தொடங்கியது. ஆரம்பத்தில் கொடுத்த லேப்டாப்களில் ஒரே ஹார்டு டிஸ்கில் இரண்டு இயங்குதளங்கள் இருந்தன. ஒன்று விண்டோஸ், மற்றது சி-டாக் நிறுவனம் சென்னையில் உருவாக்கிய பாஸ் லினக்ஸ். ஆன் செய்தால், எது வேண்டும் என்று திரையில் பட்டியல் வரும்.

வேளாங்கண்ணியில் எனக்குத் தெரிந்த வீட்டில் அப்படி ஒன்று இருக்கிறது. அந்த வீட்டுப் பையனின் சித்தி பிளஸ் டூ படித்தபோது வாங்கியது, இப்போது ஏழாம் வகுப்பு படிக்கும் அவனிடம் இருக்கிறது. "ஆன் பண்ணிட்டுப் போய்க் குளிச்சிட்டு வந்தாலும் சுத்திக்கிட்டே இருக்கு மாமா" என்றான்.

சுற்றுவது உண்மைதான். லேப்டாப் ஹார்டு டிஸ்கின் தகடு பெரும்பாலும் நிமிடத்துக்கு 5,400 முறை, அதாவது நொடிக்கு 90 முறை சுழலும். படிக்கும் முனை தகட்டைத் தொடாமல், காற்றின் மேல் சில நானோமீட்டர் உயரத்தில் மிதக்கும். தலைமுடி ஏறக்குறைய 80,000 நானோமீட்டர் தடிமன்! ஒரு தூசி போதும், தகட்டைக் கீறிவிடும். அதனால் ஹார்டு டிஸ்கைத் திறந்து பார்க்கவே கூடாது. இயங்குதளம் தொடங்கும்போது ஆயிரக்கணக்கான சின்னச் சின்னக் கோப்புகளைத் தேடி அந்த முனை அங்கும் இங்கும் ஓட வேண்டும். ஹார்டு டிஸ்குக்குப் பதிலாகப் பொருத்தும் எஸ்எஸ்டியில் சுழலும் பாகமே இல்லை. எல்லாம் மின்னணுச் சில்லுகள். அதனால் தேடல் சட்டென்று முடிந்துவிடும்.

வீட்டில் எஸ்எஸ்டி வாங்கிக் கொடுத்தார்கள். பையன் பழைய டிஸ்கில் இருந்த கோப்புகளை எல்லாம் காப்பி செய்து அதில் ஒட்டினான். மாட்டி ஆன் செய்தால், கறுப்புத் திரையில் 'ஆபரேட்டிங் சிஸ்டம் இல்லை' என்று வந்தது. எல்லாவற்றையும்தானே போட்டான்?

நாற்றை மேலாக அறுத்து வயலில் நட்டால் பயிர் பிடிக்குமா? வேரோடு அல்லவா பறிக்க வேண்டும். டிஸ்கின் வேர், கோப்புகளின் பட்டியலில் தெரியாது. அந்தக் கால லேப்டாப் விழித்ததும் டிஸ்கின் முதல் 512 பைட்டை மட்டும்தான் படிக்கும். அதில் 446 பைட் ஒரு குட்டி நிரல். அடுத்த 64 பைட், டிஸ்க் எப்படிப் பிரிக்கப்பட்டிருக்கிறது என்ற அட்டவணை. கடைசி 2 பைட், 'இதிலிருந்து தொடங்கலாம்' என்ற அடையாளம்.

446 பைட் எவ்வளவு சிறியது தெரியுமா? இன்றைய கணினியில் 'வேளாங்கண்ணி' என்று எழுத 33 பைட் ஆகும். 13 முறை எழுதினால் இடம் தீர்ந்துவிடும்! அவ்வளவு சிறிய நிரல் முழு இயங்குதளத்தை எழுப்ப முடியாது. தன்னைவிடப் பெரிய நிரல் எங்கே இருக்கிறது என்று பார்த்து, அதை எழுப்பிவிடும். அது அடுத்ததை எழுப்பும். பையன் செய்த காப்பியில் இந்தச் சங்கிலியின் முதல் கண்ணியே வரவில்லை.

இதற்கு டிஸ்கைக் கோப்பு கோப்பாக அல்ல, அப்படியே நகலெடுக்க வேண்டும். இதை குளோனிங் என்பார்கள். தைவானில் உருவான குளோன்ஸில்லா என்ற இலவச மென்பொருள் இதைச் செய்யும். பென்டிரைவில் போட்டு அதிலிருந்தே கணினியைத் தொடங்கலாம். டிஸ்கில் உள்ள இயங்குதளம் தூங்கிக்கொண்டிருக்கும்போதுதான் நகல் சுத்தமாக வரும்.

ஒரு சிக்கல் வந்தது. பழையது 320 ஜிபி, புதியது 240 ஜிபி. உள்ளே பாதிகூட நிரம்பவில்லை. ஆனாலும் பகுதிகளின் எல்லை 320 வரை நீண்டிருந்தது. முதலில் அந்த எல்லையைச் சுருக்கினோம்.

மிகவும் பயப்பட வேண்டிய இடம் அடுத்தது. 'எதிலிருந்து, எதற்கு' என்று மென்பொருள் கேட்கும். மாற்றிச் சொன்னால் காலி டிஸ்க் நிறைந்த டிஸ்கின் மேல் எழுதப்பட்டு, சித்தியின் கல்யாண போட்டோக்கள் வரை போய்விடும். முக்கியமானவற்றை முன்பே வேறிடத்தில் சேமித்து வைத்திருந்தோம். அப்படியும் பையனை அளவுகளை இரண்டு முறை வாய்விட்டுப் படிக்கச் சொன்னேன். "இருந்து 320, போறது 240."

முடிந்ததும் பழைய டிஸ்கைக் கழற்றி வைத்தோம். நகலுக்கும் மூலத்துக்கும் அடையாள எண்கூட ஒன்றே என்பதால், இரண்டையும் சேர்த்து மாட்டியிருந்தால் இயங்குதளம் குழம்பிப்போகும்.

பவர் பொத்தானைப் பையனே அழுத்தினான். விண்டோஸ், பாஸ் இரண்டும் பட்டியலில் வந்தன. பாஸைத் தேர்ந்தெடுத்து, "குளிக்கப் போக நேரமே இல்ல மாமா!" என்றான்.