முதலிடமும் இரண்டாமிடமும்

எழுத்தறிவில் தமிழ்நாட்டிலேயே முதல் மாவட்டம் என்பது குமரிக்காரர்கள் விட்டுக்கொடுக்காத பெருமை. 2011 கணக்கெடுப்பில் 91.75 சதவீதம். மக்கள் நெருக்கத்தில் அப்போது சென்னைக்கு அடுத்த இடம். ஓர் ஊர் எங்கே முடிந்து அடுத்த ஊர் எங்கே தொடங்குகிறது என்றே இங்கே தெரியாது. அப்படியானால் நெருக்கமும் எழுத்தறிவும் சேர்ந்தே போகின்றனவா?

அந்தக் கணக்கெடுப்பில் சென்னையில் சதுர கிலோமீட்டருக்கு 26,553 பேர். குமரியில் சுமார் 1,100. தூத்துக்குடியில் 400கூட இல்லை. இந்த எண்களை அப்படியே கணக்கில் போட்டால் சென்னை மட்டுமே முழுக் கணக்கையும் ஆட்டிவைக்கும். படைவேலையை உதறிவிட்டு உளவியல் படிக்கப் போன ஆங்கிலேயர் சார்லஸ் ஸ்பியர்மேன் 1904இல் இதற்கு ஒரு வழி சொன்னார்: எண்ணை விடு, இடத்தை மட்டும் பார். அதுதான் தர ஒட்டுறவுக் கெழு.

எழுத்தறிவில் முதல் நான்கு இடங்களில் இருந்த குமரி, சென்னை, தூத்துக்குடி, நீலகிரி, கடைசியில் இருந்த தருமபுரி, இந்த ஐந்தையும் எடுப்போம். தமக்குள் எழுத்தறிவில் 1, 2, 3, 4, 5. நெருக்கத்தில் 2, 1, 3, 5, 4. இட வித்தியாசங்களை வர்க்கப்படுத்திக் கூட்டினால் 4. ஆறால் பெருக்க 24. ஐந்தின் வர்க்கத்தில் ஒன்றைக் குறைத்து ஐந்தால் பெருக்க 120. 24ஐ 120ஆல் வகுத்து ஒன்றிலிருந்து கழித்தால் 0.8. இரு வரிசைகளும் அச்சொட்டாகப் பொருந்தினால் 1, நேர்த் தலைகீழானால் -1. அசல் எண்களை வைத்து வழக்கமான முறையில் போட்டாலோ சுமார் 0.37தான்.

இடத்தை மட்டும் பார்ப்பதற்கு ஒரு விலையும் உண்டு. எழுத்தறிவில் தூத்துக்குடிக்கும் நீலகிரிக்கும் இடைவெளி சுமார் ஒரு சதவீதப் புள்ளி. நீலகிரிக்கும் தருமபுரிக்கும் பதினாறுக்கு மேல். தரவரிசைக்கு இரண்டும் ஒரே ஒரு படி.

0.8 என்பதால் நெருக்கம்தான் படிக்கவைத்தது என்று சொல்லிவிட முடியாது. குமரியின் நெருக்கத்துக்குப் பின்னால் இரண்டு பருவமழையும் பேச்சிப்பாறை அணைத் தண்ணீரும் உண்டு. எழுத்தறிவுக்குப் பின்னால், அங்குள்ள மயிலாடிக்கு மிஷனரி ரிங்கல்தௌபே வந்ததிலிருந்து தொடங்கும் மிஷன் பள்ளிகளும் திருவிதாங்கூர் ஆட்சிக் காலத்துப் பள்ளிகளும். கெழுவுக்கு இந்த வரலாறு எதுவும் தெரியாது.

தவிர, ஐந்து மாவட்டம் மிகக் குறைவு. ஐந்தை 120 விதமாக வரிசைப்படுத்தலாம். அவற்றில் 8 வரிசைகள் 0.8ஐயோ அதற்கு மேலோ தந்துவிடும். பதினைந்துக்கு ஒன்று, சும்மா குலுக்கிப் போட்டாலே கிடைக்கும். போதாக்குறைக்கு, ஐந்தும் நானாகப் பொறுக்கியவை. 2011இல் இருந்த 32 மாவட்டங்களையும் போட்டுப் பார்ப்பதுதான் முறை. தாளும் பேனாவும் போதும், ஒரு பொழுது வேலை.