ஏழு மில்லிமீட்டரின் விலை

மேசையில் பொம்மைப் படைகளை நகர்த்திப் போரிடும் வார்ஹேமர் 40,000 விளையாட்டில், ஆர்க் என்னும் அரக்க வீரனின் பொம்மைக்குக் காலடியில் உள்ள வட்டப் பீடம் முன்பு 25 மி.மீ. விட்டம். இப்போது 32 மி.மீ. கூடியது 7 மி.மீ.தானே என்று தோன்றும். பரப்பைப் போட்டுப் பாருங்கள்: 491 சதுர மி.மீ. இருந்தது 804 ஆகியிருக்கிறது. 64 விழுக்காடு ஏற்றம். இந்த விளையாட்டை வெளியிடும், நாட்டிங்ஹாமைச் சேர்ந்த கேம்ஸ் வொர்க்‌ஷாப் நிறுவனம் 2010-களின் நடுவில் ஸ்பேஸ் மரீன் என்னும் கவச வீரர்களுக்கு 32 மி.மீ. பீடம் கொடுக்கத் தொடங்கியது. ஆர்க்குகளுக்கும் அது வந்து சேர்ந்தது. அகலக் கால் வைத்து நிற்கும் பொம்மைக்கு அது பொருத்தம்தான், சாய்ந்து விழுவதும் குறைவு. ஆனால் பீடம் என்பது பொம்மையைத் தாங்கும் தட்டு மட்டும் அல்ல. தூரத்தை அளப்பதே அதன் விளிம்பிலிருந்துதான். அதனால் இந்த 7 மி.மீ. ஆட்டம் முழுவதிலும் செலவாகப் பதிகிறது.

2020-இல் வந்த இந்த விளையாட்டின் ஒன்பதாம் பதிப்பு, வழக்கமான முழு ஆட்டத்துக்கு 72-க்கு 48 அங்குலமாக இருந்த மேசையை, குறைந்தது 60-க்கு 44 அங்குலம் போதும் என்று மாற்றியது. 3,456 சதுர அங்குலம் 2,640 ஆனது. நூறு ஆர்க்குகளைக் களமிறக்கும் ஆட்டக்காரரை எடுத்துக்கொள்வோம். பழைய பீடம், பழைய மேசை என்றால் அவருடைய படை அடைக்கும் இடம் 2.2 விழுக்காடு. புதிய பீடம், புதிய மேசை என்றால் 4.7 விழுக்காடு. ஒரு பொம்மைகூடக் கூடவில்லை. நெரிசல் மட்டும் இரண்டு மடங்கைத் தாண்டிவிட்டது.

கைகலப்பில் இது இன்னும் பளிச்சென்று தெரியும். 60 மி.மீ. பீடத்தில் நிற்கும் டிரெட்நாட் என்னும் நடக்கும் போர் எந்திரம் ஒன்றைச் சுற்றி, பீடத்தோடு பீடம் ஒட்டி, 25 மி.மீ. வீரர்கள் 10 பேர் நிற்கலாம். அவர்களையே 32 மி.மீ. பீடத்துக்கு மாற்றினால் 8 பேருக்குத்தான் இடம். வரவுப் பக்கத்தையும் சொல்லிவிட வேண்டும். தன்னிலிருந்து 6 அங்குலத்துக்குள் இருப்பவர்களுக்கு உதவும் தளபதி 25-லிருந்து 40 மி.மீ. பீடத்துக்கு ஏறினால், அவருடைய செல்வாக்கு வட்டம் சுமார் 9 விழுக்காடு விரிகிறது. தளபதிக்கு லாபம், கூட்டமாக வரும் காலாளுக்கு நட்டம். இதை விதி மாற்றம் என்று யாரும் அறிவிக்கவில்லை. ஆனால் இது விதி மாற்றமேதான்.

அணிவகுத்துப் போரிடும் ஆட்டங்களில் பீடம் சதுரம் அல்லது நீள்சதுரம். 1983-இல் தொடங்கிய வார்ஹேமர் ஃபேன்டசியில் மனிதக் காலாளுக்கு 20 மி.மீ., ஆர்க்குக்கு 25, குதிரை வீரனுக்கு 25-க்கு 50. அதன் வழியில் 2024-இல் வந்த ‘தி ஓல்ட் வேர்ல்ட்’ விளையாட்டு இவற்றை முறையே 25, 30, 30-க்கு 60 என்று உயர்த்தியது. வரிசைக்கு 5 பேராக 4 வரிசையில் நிற்கும் 20 மனிதர்களின் அணி முன்பு 100-க்கு 80 மி.மீ.; இப்போது 125-க்கு 100. முகப்பு நீண்டால் திரும்புவது கடினம். மனிதக் காலாளின் நகர்வு 4 அங்குலம், அதாவது 101.6 மி.மீ. வெளி ஓரத்து வீரன் நடக்கும் வளைவை வைத்துக் கணக்கிட்டால், பழைய அணி அந்த நகர்வில் 58 பாகை திரும்பும். புதிய அணி 47 பாகையோடு நின்றுவிடும். வீரனும் அவனே, நகர்வும் அதே 4 அங்குலம். இழந்தது 11 பாகை.

பொருள் செலவுக்கு வருவோம். பீடத்தை வீட்டிலேயே வெட்டிக்கொள்பவர்கள் பலர். ஏ4 அளவு எம்டிஎஃப் பலகை 210-க்கு 297 மி.மீ. அதில் 20 மி.மீ. சதுரம் 140 கிடைக்கும், 25 மி.மீ. 88. 30 மி.மீ. என்றால் காகிதக் கணக்கில் 63. ஆனால் 30-ஐ ஏழால் பெருக்கினால் மிகச் சரியாக 210. வெட்டும் கருவி தின்னும் இழைக்கு மிச்சமே இல்லை. கடைசி வரிசை குறைப்பட்டுப் போகும். கையில் மிஞ்சுவது 54. எண்பது ஆர்க் வைத்திருப்பவருக்கு முன்பு ஒரு பலகை போதும், இப்போது இரண்டு வேண்டும்.

பலகையின் விலையைவிட உழைப்புதான் பெரிய செலவு. பிவிஏ பசையில் மணல் ஒட்டி, வண்ணம் பூசி, புல் தூவி முடித்த பொம்மையைப் பழைய பீடத்திலிருந்து பெயர்ப்பது பதற்றமான வேலை. கத்தியைப் பூட்ஸின் அடியில் நுழைக்க வேண்டும். சற்று அழுத்தினால் கணுக்கால் போய்விடும். வட்டப் பீடத்துக்கு 3.5 மி.மீ. அகல வளையம் மாட்டி 25-ஐ 32 ஆக்கலாம். சதுரத்துக்கு இடைவெளி விட்ட நகர்வுத் தட்டு இருக்கிறது. பெயர்ப்பதைவிட இவை எவ்வளவோ மேல்.

பீட அளவு என்ற இந்தச் சிக்கலுக்குப் பண்டைக்காலப் போர்களை மேசையில் ஆடுபவர்கள் எப்போதோ வழி கண்டுவிட்டார்கள். 1990-இல் வெளியான, பண்டைப் போர்களுக்கான டிபிஏ என்னும் விதித் தொகுப்பில், 15 மி.மீ. பொம்மைகளுக்குப் பீடத்தின் முகப்பு எப்போதும் 40 மி.மீ. மாறுவது ஆழமும் ஆள் எண்ணிக்கையும்தான். நெருங்கி நிற்கும் வாள்வீரர்கள் 40-க்கு 15 பீடத்தில் 4 பேர். ஆளுக்கு 150 சதுர மி.மீ. சிதறி ஓடும் கவண்காரர்கள் 40-க்கு 20 பீடத்தில் 2 பேர், ஆளுக்கு 400. யானைக்கு 40-க்கு 40, முழுதாக 1,600. எந்தப் படை எவ்வளவு நெருங்கிப் போரிட்டது என்பதைப் பீடத்தைப் பார்த்தே படித்துவிடலாம். ஒரு படைக்கு 12 பீடங்கள். வரிசையாக வைத்தால் 480 மி.மீ.; 24 அங்குலப் பலகையில் ஓரங்களில் சுற்றி வளைக்க 130 மி.மீ. மிஞ்சும். பழந்தமிழர், சிங்களர் படைகளுக்கும் இதில் பட்டியல் உண்டு.

2014-இல் வந்த டிபிஏ மூன்றாம் பதிப்பு இன்னும் ஒரு படி மேலே போனது. நகர்வையும் அம்பு பாயும் தூரத்தையும் பீட அகலத்தாலேயே அளக்கச் சொன்னது. முகப்பு 40 ஆனாலும், பெரிய பொம்மைகளுக்கான 60 ஆனாலும், இரு தரப்பும் ஒரே அகலத்தில் இருந்தால் கணக்கு அப்படியே நிற்கும். நான் பார்த்த ஏற்பாடுகளில் இதுவே நேர்மையானது.

புதிதாகப் படை சேர்ப்பவர்களுக்கு என் வேண்டுகோள் ஒன்றுதான்: பசைக் குப்பியைத் திறக்கும் முன் உங்களோடு ஆடப் போகிறவர்களிடம் முகப்பு அகலத்தைப் பேசி முடிவு செய்துகொள்ளுங்கள். விதி எழுதுபவர்களும் பீட அளவை மாற்றினால், அதோடு நகர்வும் மேசையும் எவ்வளவு மாற வேண்டும் என்பதை அதே பக்கத்தில் அச்சிடட்டும்.