இலாபக் கணக்கில் ஏறாத இயற்கையின் இழப்பு

ஒரு கம்பனியின் ஆண்டறிக்கையில் கட்டடங்களினதும் இயந்திரங்களினதும் தேய்மானம் ரூபா சதக் கணக்கில் பதிவாகின்றது. ஆனால் அக்கம்பனியின் செயற்பாடுகளால் அழிந்த காட்டுக்கோ களப்புக்கோ அங்கு ஒரு வரியேனும் இருப்பது அரிது. இயற்கை வழங்கும் சேவைக்கு எவரும் விலைச்சிட்டை அனுப்புவதில்லை என்பதே இதற்குக் காரணம்.

இதன் விளைவைப் புத்தளம் பிரதேச மக்கள் நன்கறிவர். 1980 களிலிருந்து வடமேல் கரையோரத்தில் இறால் பண்ணைகள் பெருகின. களப்பை அண்டிய கண்டல் காடுகள் பல அழிக்கப்பட்டு இறால் குளங்களாக மாற்றப்பட்டன. ஏற்றுமதி வருமானம் கணக்கில் ஏறியது. மீன்குஞ்சுகளின் வளர்ப்பிடமாகவும் கரையின் அரணாகவும் விளங்கிய கண்டல்களின் அழிவு ஏறவில்லை. 1996 இல் வெண்புள்ளி நோய் பரவியது; பண்ணைகள் பல கைவிடப்பட்டன. கண்டல் காடுகளின் இழப்போ களப்பை நம்பி வாழும் மீனவர்களின் தலையில் விழுந்தது.

இத்தகைய இழப்பைக் கணக்கிட முடியுமா? ஜேர்மனிய விளையாட்டுப் பொருள் நிறுவனமான பூமா அதற்கு முயன்றது. 2010 ஆம் ஆண்டில் தன்னாலும் தன் விநியோகத்தர்களாலும் சுற்றாடலுக்கு ஏற்பட்ட பாதிப்பை அது 145 மில்லியன் யூரோவென மதிப்பிட்டு 2011 இல் வெளியிட்டது. அதில் ஏறத்தாழ 6 வீதம் மாத்திரமே பூமாவின் சொந்தச் செயற்பாடுகளால் விளைந்தது. தோல், பருத்தி, இறப்பர் போன்ற மூலப்பொருட்களின் உற்பத்தியே பாதிக்கும் மேற்பட்ட பங்கிற்குக் காரணமாயிருந்தது. ஆகவே, தனது வாயிற்கதவுக்குள் நடப்பதை மாத்திரம் கூறும் அறிக்கை உண்மையின் பெரும்பகுதியை மறைத்துவிடுகின்றது.

மற்றொரு சிக்கலும் உண்டு. ஒரு தொன் காபனீரொட்சைட்டு எந்நாட்டில் வெளியேறினாலும் காலநிலைக்கு விளையும் தீங்கு ஒன்றே. உயிர்ப்பல்வகைமை அவ்வாறன்று, அது இடத்துடன் பிணைந்தது. புத்தளத்தில் அழிந்த கண்டலுக்கு மலைநாட்டில் நடப்படும் மரக்கன்றுகள் ஈடாகமாட்டா.

2022 டிசம்பரில் மொன்றியல் மாநாட்டில் ஏற்றுக்கொள்ளப்பட்ட பூகோள உயிர்ப்பல்வகைமைச் சட்டகத்தின் 15 ஆவது இலக்கு இதனையே கவனத்திற் கொள்கின்றது. பெரிய கம்பனிகளும் நிதி நிறுவனங்களும் தமது விநியோகச் சங்கிலி உட்பட, உயிர்ப்பல்வகைமை மீதான தாக்கங்களை மதிப்பிட்டு வெளிப்படுத்துவதை அரசுகள் உறுதிசெய்ய வேண்டுமென அது கோருகின்றது. ஜி.ஆர்.ஐ. அமைப்பு 2024 ஜனவரியில் வெளியிட்ட உயிர்ப்பல்வகைமை நியமமோ, பாதிப்பு நிகழும் இடங்களையும் அதற்கான காரணங்களையும் குறிப்பிடுமாறு கேட்கின்றது. எனினும் அது சட்டமன்று. நிறுவனங்கள் தாமாக விரும்பி ஏற்கும் நியமமே.

அந்த விருப்பத்தைக் கடமையாக்கும் பொறுப்பு அரசுகளுடையது. அதுவரை, மரநடுகை விழாப் படங்கள் நிறைந்த ஆண்டறிக்கையைக் காணும் முதலீட்டாளரும் பொதுமக்களும் இரு வினாக்களை எழுப்பலாம்: இந்நிறுவனத்தின் மூலப்பொருள் எங்கிருந்து வருகின்றது? அவ்விடத்தில் எது அழிந்தது? இவற்றுக்கு விடை கூறாத அறிக்கை, எத்துணை அழகாக அச்சிடப்பட்டிருப்பினும், வெறும் விளம்பரமே.