தினமும் அரை மணி நேரம் வாக்கிங்... ஆனாலும் எடை ஏன் குறைய மாட்டேங்குது?

காலை ஐந்தரைக்கு அலாரம். ஷூவை மாட்டிக்கொண்டு, காதில் பாட்டு வைத்து, பார்க்கைச் சுற்றி அரை மணி நேரம் வேர்க்க விறுவிறுக்க நடை. திரும்பும் வழியில் டீக்கடை. "அதான் இவ்ளோ நடந்தாச்சே மச்சி... ரெண்டு வடை சாப்பிட்டா என்ன ஆயிடப்போகுது?"

ஒரு மாதம் கழித்து எடை மெஷினில் ஏறினால், அதே 70 கிலோ. "போடா, இதெல்லாம் வேலைக்கே ஆகாது" என்று ஷூ பரணுக்குப் போய்விடும்.

இது உங்க கதையா? அப்படின்னா, தப்பு உங்க மேலயும் இல்லை, வாக்கிங் மேலயும் இல்லை. வாக்கிங் செய்ய முடியாத ஒரு வேலையை அதனிடம் எதிர்பார்த்ததுதான் சிக்கல். கணக்கைக் கொஞ்சம் பிரிச்சுப் பார்ப்போமா?

சும்மா இருந்தாலே எரியுது!

நாள் முழுக்க நாம் செலவழிக்கும் கலோரியில் சுமார் 60 முதல் 70 சதவிகிதம், படுத்தே கிடந்தாலும் செலவாகும். இதயம் துடிக்க, மூச்சு விட, மூளையும் கல்லீரலும் வேலை செய்ய அது தேவை. சாப்பிட்டதைச் செரிக்க இன்னொரு 10 சதவிகிதம். மிச்சம் இருப்பதுதான் உடல் அசைவுக்கானது. ஆபீஸில் படியேறுவது, வீடு கூட்டுவது, பஸ்ஸுக்கு ஓடுவது எல்லாமே இதில் அடக்கம். உடற்பயிற்சி இந்த மிச்சத்தில் ஒரு துண்டு மட்டுமே.

அரை மணி நேரத்துக்கு எவ்வளவு?

70 கிலோ எடையுள்ள ஒருவர் 30 நிமிடங்களில் செலவழிக்கும் தோராயமான கலோரி இது:

- யோகா: 90
- வீடு கூட்டுவது: 115
- வேகமான நடை: 140
- ஷட்டில்: 190
- மிதமான வேகத்தில் சைக்கிள்: 240
- மணிக்கு 8 கி.மீ வேகத்தில் ஓட்டம்: 280

இதிலும் ஒரு சூட்சுமம் உண்டு. இதே நபர் அந்த அரை மணி நேரம் சோபாவில் உட்கார்ந்து ரீல்ஸ் பார்த்திருந்தாலும் 35 கலோரி செலவாகியிருக்கும். அதைக் கழித்தால், வேக நடையால் உண்மையில் கூடுதலாக எரிந்தது 105 கலோரிதான். ஒரு மெதுவடையிலேயே 120 முதல் 150 கலோரி வரை இருக்கலாம். ரெண்டு வடையும் சர்க்கரை போட்ட டீயும் உள்ளே போனால் 300-ஐத் தாண்டிவிடும். நடந்தது அரை மணி நேரம். அதைத் திரும்ப நிரப்ப அஞ்சு நிமிஷம் போதும்!

"ஆனா என் வாட்ச் 400-னு காட்டுதே?"

2017-ல் அமெரிக்காவின் ஸ்டான்ஃபோர்டு பல்கலைக்கழக ஆய்வாளர்கள், கையில் கட்டும் ஏழு வகை ஃபிட்னஸ் கருவிகளைச் சோதித்தார்கள். இதயத்துடிப்பைப் பெரும்பாலானவை சரியாகவே காட்டின. கலோரி விஷயத்தில்தான் சொதப்பல். இருப்பதிலேயே துல்லியமான கருவியே சராசரியாக 27 சதவிகிதம் பிசகியது. மோசமான கருவி 93 சதவிகிதம். அதனால் வாட்ச் காட்டும் கலோரியை நம்பி பிரியாணி ஆர்டர் பண்ணிடாதீங்க. நேத்தைவிட இன்னைக்கு அதிகம் நடந்தோமா என்று பார்க்க மட்டும் அதைப் பயன்படுத்துங்க.

உடம்பும் ஒரு கணக்கு போடும்

ஆப்பிரிக்காவின் டான்சானியாவில் ஹட்ஸா என்ற பழங்குடி மக்கள் இருக்கிறார்கள். வேட்டையாடியும் கிழங்கு தோண்டியும் வாழ்பவர்கள். ஆண்கள் தினமும் சராசரியாக 11 கிலோமீட்டர் நடக்கிறார்கள். அமெரிக்க ஆய்வாளர் ஹெர்மன் பான்ட்ஸர் குழு இவர்களின் கலோரிச் செலவை அளந்து, 2012-ல் முடிவை வெளியிட்டது. உடல் அளவை வைத்து ஒப்பிட்டால், ஹட்ஸா மக்களின் ஒருநாள் செலவும், மேலைநாட்டு நகரவாசிகளின் செலவும் கிட்டத்தட்ட ஒன்றாகவே இருந்தது!

நாம் அதிகமாக அசைந்தால், உடம்பு வேறு சில வேலைகளில் செலவைக் குறைத்து ஈடுகட்டுகிறது என்பது இதற்குச் சொல்லப்படும் விளக்கம். 1,700-க்கும் மேற்பட்டவர்களின் தரவுகளை வைத்து 2021-ல் வெளியான இன்னோர் ஆய்வு, உடல் அசைவால் கூடும் செலவில் சராசரியாக 28 சதவிகிதத்தை உடம்பு இப்படி ஈடுகட்டிவிடுகிறது என்றது. அதாவது, நம்ம 105 கலோரியில் கைக்கு நிற்பது 75 சொச்சம்தான்.

அப்போ எடை குறைய என்ன வழி?

ஒரு கிலோ கொழுப்பில் சுமார் 7,700 கலோரி இருக்கிறது. தினமும் 105 கலோரி எரித்தால், மாதத்துக்கு 3,150. முழுசாகக் கணக்கில் வந்தாலும் 400 கிராம்தான். உடம்பில் தண்ணீர் ஏறி இறங்குவதாலேயே மெஷினில் ஒரு கிலோ முன்னே பின்னே காட்டும். அதற்குள் இந்த 400 கிராம் எங்கே தெரியப்போகுது?

இப்போ சாப்பாட்டுப் பக்கம் வாங்க. ஒரு டீஸ்பூன் சர்க்கரை 20 கலோரி. ஒரு நாளைக்கு நாலு டீ, ஒவ்வொன்றிலும் ரெண்டு ஸ்பூன் என்றால் 160 கலோரி. அதை நிறுத்தினாலே அரை மணி நேர நடையைவிட அதிக லாபம். கூடவே ராத்திரி ஒரு பிடி சோறு குறைத்து, காய்கறியும் சுண்டலும் முட்டையும் கூட்டினால், பசியும் அடங்கும், கணக்கும் சேரும். எடை குறைப்பில் பெரிய பங்கு தட்டுக்குத்தான்.

ஆனா, ஷூவைத் தூக்கிப் போட்டுடாதீங்க!

"அப்போ நடக்கவே வேணாமா?" இங்கேதான் நிறைய பேர் தப்பான முடிவுக்குப் போய்விடுகிறார்கள்.

மெஷினில் முள் நகராவிட்டாலும் உள்ளே வேலை நடக்கிறது. அசையும் தசைகள் ரத்தத்தில் இருக்கும் சர்க்கரையை இழுத்துக்கொள்கின்றன. இன்சுலின் நன்றாக வேலை செய்கிறது. வயிற்றுக்குள் உறுப்புகளைச் சுற்றிச் சேரும் கொழுப்பு குறைகிறது. ரத்த அழுத்தம், தூக்கம், மனநிலை எல்லாவற்றுக்கும் நல்லது. ஒல்லியாக இருந்தாலும் தொப்பையும் சர்க்கரையும் சீக்கிரம் எட்டிப்பார்க்கும் நம்ம ஊர் உடம்புக்கு இது ரொம்ப முக்கியம்.

வெறும் டயட்டில் எடை குறைத்தால் கொழுப்போடு தசையும் கரையும். டம்பெல், தண்டால் போன்ற பயிற்சிகள் தசையைக் காப்பாற்றும். அதைவிட முக்கியம், குறைத்த எடை திரும்ப ஏறாமல் இருப்பது. அமெரிக்காவில் 1994 முதல், 13 கிலோவுக்கு மேல் குறைத்து அதை ஒரு வருடத்துக்கு மேல் தக்கவைத்தவர்களின் பதிவேடு ஒன்று இருக்கிறது. அதில் 90 சதவிகிதம் பேர் சராசரியாகத் தினமும் ஒரு மணி நேரம் உடற்பயிற்சி செய்பவர்கள்.

உலக சுகாதார நிறுவனம் பெரியவர்களுக்குச் சொல்வது, வாரத்துக்கு குறைந்தது 150 நிமிட மிதமான பயிற்சி, இரண்டு நாள் தசைப் பயிற்சி. இதய நோய், மூட்டு வலி, சர்க்கரை மாத்திரை இருந்தால் டாக்டரிடம் கேட்டுவிட்டு ஆரம்பிங்க.

இன்னொன்று. எடை மெஷினோடு ஒரு இன்ச் டேப்பும் வெச்சுக்கோங்க. நம்ம ஊர் ஆண்களுக்கு இடுப்பு 90 செ.மீ, பெண்களுக்கு 80 செ.மீ தாண்டாமல் இருப்பது நல்லது. மாதம் ஒருமுறை அளந்தால், மெஷின் சொல்லாத மாற்றத்தை டேப் சொல்லும்.

நாளைக்குக் காலையிலும் அலாரம் அடிக்கட்டும். நடந்து முடிச்சுட்டு அதே டீக்கடையில் நில்லுங்க. "அண்ணே, சர்க்கரை இல்லாம ஒரு டீ... வடை ஞாயித்துக்கிழமை பாத்துக்கலாம்!"