பூனைக்கு முட்டை கொடுக்கலாமா? ஆம்லெட்டில் ஒளிந்திருக்கும் ஆபத்து!

காலை எட்டு மணி. திருவொற்றியூர் தேரடி பக்கம் ஒரு வீட்டுச் சமையலறை. தோசைக்கல்லில் ஆம்லெட் "சொய்ங்"னு சத்தம் போட்ட அடுத்த நொடி, மாடிப்படியில் சுருண்டு கிடந்த பூனை காலடியில் ஆஜர். வாலைத் தூக்கிக்கொண்டு ஒரு உரசல், ஒரு "மியாவ்". ஆபீசுக்கு மெட்ரோ பிடிக்கும் அவசரத்திலும், ஒரு துண்டு பிய்த்துப் போடாமல் நகர யாருக்குத்தான் மனசு வரும்?

வடசென்னைக் கரையோரத்துப் பூனைகளுக்கு வழக்கமான சாப்பாடு மீன்தான். காசிமேட்டிலிருந்து எண்ணூர் வரை, வீட்டில் மீன் ஆய்ந்தால் தலையும் குடலும் பூனைக்கு என்பது எழுதாத ஒப்பந்தம். ஆனால் ஏப்ரல் 15 வந்துவிட்டால் கதை மாறும். ஜூன் 14 வரை 61 நாள் மீன்பிடித் தடைக்காலம். விசைப்படகுகள் கரையேறிவிடும். நாட்டுப்படகு, ஃபைபர் படகில் வருவது மட்டும்தான் மீன் என்பதால் விலையும் எகிறும். மீன் குழம்பு கொதித்த சட்டியில் முட்டைக் குழம்பு கொதிக்கும். வீட்டுக்காரர்களோடு சேர்ந்து பூனையும் நாமக்கல் முட்டைக்கு மாறிவிடும்.

சரி, பூனை முட்டை சாப்பிடலாமா? சுருக்கமான பதில்: அவித்த முட்டை என்றால் தாராளமாக, ஆனால் அளவோடு. வெங்காயம் போட்ட ஆம்லெட் என்றால் ஒரு துண்டுகூட வேண்டாம்.

முட்டை வாசனைக்கு ஏன் ஓடி வருது?

பூனை சுத்தமான அசைவப் பிராணி. இனிப்புச் சுவையை உணரத் தேவையான மரபணு பூனைகளுக்கு வேலை செய்வதில்லை என்று அமெரிக்காவின் மோனெல் ஆய்வு மைய விஞ்ஞானிகள் 2005-ல் கண்டறிந்தார்கள். அதனால் ஜாங்கிரியை வைத்தாலும் அது கண்டுகொள்ளாது. அதற்குத் தேவை புரதமும் கொழுப்பும். ஒரு முட்டையில் சுமார் 6 கிராம் புரதம் இருக்கிறது. பூனைக்கு எளிதில் ஜீரணமாகும் நல்ல புரதம் அது. ஓடி வராமல் என்ன செய்யும்?

எவ்வளவு கொடுக்கலாம்?

நான்கு கிலோ எடையுள்ள வீட்டுப் பூனைக்கு ஒரு நாளைக்குத் தேவை ஏறக்குறைய 200 முதல் 250 கலோரி. நொறுக்குத் தீனி அதில் பத்தில் ஒரு பங்கைத் தாண்டக் கூடாது என்பது கால்நடை மருத்துவர்கள் சொல்லும் பொதுவான கணக்கு. ஒரு முட்டையிலேயே சுமார் 70 கலோரி இருக்கிறது. ஆக, ஒரு நாளைக்கு மூன்றில் ஒரு பங்கு முட்டை போதும். நமக்கு அது ஒரு வாய். பூனைக்கு அது விருந்து.

பச்சை முட்டை கொடுத்தா?

வேண்டாம். பச்சை முட்டையில் சால்மோனெல்லா கிருமி இருக்கலாம். பூனைக்கு வாந்தி, பேதி வரும். அதன் தட்டைக் கழுவும் உங்களுக்கும் தொற்றலாம். போதாததற்கு, பச்சை வெள்ளைக்கருவில் அவிடின் என்ற புரதம் உண்டு. தோலுக்கும் ரோமத்துக்கும் தேவையான பயோட்டின் சத்தை உடம்பில் சேரவிடாமல் அது பிடித்து வைத்துக்கொள்ளும். நன்றாக வேகவைத்தால் இந்த இரண்டு பிரச்சினையும் தீர்ந்தது. உங்கள் தட்டில் வழியும் ஆஃப் பாயிலும் கலக்கியும் உங்களுக்கு மட்டும்.

உண்மையான வில்லன் வெங்காயம்

நம்ம ஊர் முட்டைச் சமையலில் வெங்காயம் இல்லாதது எது? ஆம்லெட், பொடிமாஸ், முட்டைத் தொக்கு எல்லாவற்றிலும் இருக்கிறது. பீச் ஸ்டேஷன் பக்கம் அத்தோ கடைகளில், அவித்த முட்டையைக் கீறி உள்ளே திணித்துத் தருவதும் வறுத்த வெங்காயமும் பூண்டும்தான்.

நமக்கு ருசி தரும் அதே கந்தகச் சேர்மங்கள், பூனையின் ரத்தச் சிவப்பணுக்களை உடைக்கும். காரணம் அதன் ஹீமோகுளோபின் அமைப்பு. இத்தகைய சேர்மங்களால் எளிதில் தாக்கப்படும் இடங்கள் நாயின் ஹீமோகுளோபினில் 4, பூனையுடையதில் 8. அதனால் நாயைவிடப் பூனைக்கு ஆபத்து அதிகம்.

பூனையின் எடையில் கிலோவுக்கு 5 கிராம் வெங்காயமே ரத்தத்தில் பாதிப்பைக் காட்டப் போதுமானது. நான்கு கிலோ பூனைக்கு 20 கிராம். அதாவது, மூன்று நான்கு சின்ன வெங்காயம். ஆம்லெட்டின் ஒரு துண்டில் அவ்வளவு இருக்காதுதான். ஆனால் கொஞ்சம் கொஞ்சமாகத் தினமும் உள்ளே போனாலும் பாதிப்பு சேரும். தடைக்காலம் முழுக்க அறுபது நாள் தினம் ஒரு துண்டு என்றால் யோசித்துப் பாருங்கள்.

"நல்லா வதக்கிட்டேனே, விஷம் போயிருக்காதா?" போகாது. வதக்கினாலும், வறுத்தாலும், பொடியாக்கினாலும் தன்மை மாறாது. பூண்டு இதைவிட வீரியம். வெங்காயத்தை ஒதுக்கிவிட்டு முட்டையை மட்டும் கொடுப்பதும் சரிவராது. சாறு ஏற்கெனவே முட்டையில் இறங்கியிருக்கும்.

எப்படித் தெரிந்துகொள்வது?

பாதிப்பு உடனே தெரியாது என்பதுதான் சிக்கல். சில நாட்கள் கழித்தே சோர்வு, சாப்பாட்டில் வெறுப்பு, வேகமாக மூச்சு வாங்குவது, ஈறு வெளுத்துப்போவது, சிறுநீர் சிவப்பாகவோ பழுப்பாகவோ போவது எல்லாம் வரும். இதில் எது தெரிந்தாலும் "வெயில் ஒத்துக்கல போல" என்று விடாமல் மருத்துவரிடம் காட்டிவிடுங்கள். சிவப்பணு உடைவது ஒரு ரத்தப் பரிசோதனையில் தெரிந்துவிடும். வடசென்னைக்காரர்களுக்கு வேப்பேரியில், 1903-ல் தொடங்கப்பட்ட சென்னை கால்நடை மருத்துவக் கல்லூரியின் மருத்துவமனை இருக்கிறது. பூனை நிறைய வெங்காயம் தின்றது கண்ணில் பட்டால், அறிகுறி வரும்வரை காத்திருக்க வேண்டாம். அன்றைக்கே கூட்டிச் செல்லுங்கள்.

மீனுக்குப் பதில் முட்டையே போதுமா?

போதாது. பூனைக்கு டாரின் என்ற சத்து உணவிலிருந்தே கிடைக்க வேண்டும். தன் தேவைக்கு அதன் உடம்பு தயாரித்துக்கொள்ளாது. டாரின் குறைந்தால் பூனையின் விழித்திரை பாதிக்கப்படும் என்பது 1975-லும், இதயத் தசை பலவீனமாகும் என்பது 1987-லும் வெளியான ஆய்வுகளில் உறுதியானது. மீனிலும் இறைச்சியிலும் இருக்கும் டாரின், முட்டையில் மிகக் குறைவு. ஆகவே முட்டை துணைச் சாப்பாடு மட்டுமே. தடைக்காலத்தில் வேகவைத்த கோழி, கோழி ஈரல் கொஞ்சம், அல்லது கடைகளில் கிடைக்கும் பூனை உணவு ஆகியவை முதன்மையாக இருக்கட்டும். கருவாடு? உப்பு அதிகம், தவிர்ப்பது நல்லது. பால்? வளர்ந்த பூனைகள் பலவற்றுக்கு அது வயிற்றைக் கலக்கிவிடும்.

ஒரே அடுப்பு, இரண்டு தட்டு

இதற்காகத் தனியாகச் சமைக்க வேண்டியதில்லை. வரிசையை மாற்றினால் போதும்.

முதலில் முட்டையைப் பத்துப் பன்னிரண்டு நிமிடம் அவித்து எடுங்கள். ஓட்டை உரித்து ஆறவிடுங்கள். உப்பு, மிளகு, எண்ணெய் எதுவும் வேண்டாம். மூன்றில் ஒரு பங்கைப் பொடியாக நறுக்கிப் பூனையின் தட்டில் வையுங்கள். முதல் தடவை என்றால் சுண்டுவிரல் நுனி அளவு போதும். ஒரு நாள் விட்டு வாந்தி, அரிப்பு இல்லை என்று பார்த்துக்கொண்டு கூட்டலாம்.

அதற்கப்புறம் வெங்காயத்தை நறுக்கி, தக்காளி சேர்த்து, காரசாரமாகத் தொக்கு வதக்கி, மீதி முட்டையை அதில் போட்டு நீங்கள் ஒரு பிடி பிடிக்கலாம். அந்த வாசனைக்குப் பூனை மறுபடி வந்து காலை உரசும். மனசைக் கல்லாக்கிக்கொள்ளுங்கள். அதன் பங்கு முடிந்துவிட்டது.