மட்டக்களப்பில் லான்சர்ஸ்

உங்களுக்குத் தெரியுமா?

நான்கு ஜோடிகள் சதுரமாக எதிரெதிரே நின்று, ஐந்து பகுதிகளாக ஆடுவது 'லான்சர்ஸ்'. 19ஆம் நூற்றாண்டில் ஐரோப்பிய விருந்து மண்டபங்களைக் கலக்கிய நடனம். இன்று அங்கே இத்தகைய பழைய ஆட்டங்களைக் கற்க, கோடை விடுமுறையில் காசு கட்டி முகாமுக்குப் போகிறார்கள். இலங்கையின் மட்டக்களப்பில் அந்தச் செலவே இல்லை! அங்கே போர்த்துக்கேயர் வழிவந்த பறங்கியர் கல்யாண வீடுகளில் வயலின் இசைக்கு லான்சர்ஸும் கஃப்ரிஞ்ஞா என்ற இன்னொரு நடனமும் ஆடும் வழக்கம் உண்டு. போர்த்துக்கேயர் 1628இல் அங்கே கோட்டை கட்டினார்கள். 1638இலேயே டச்சுக்காரரிடம் பறிகொடுத்தார்கள். லான்சர்ஸ் வந்ததோ வெகு பின்னால், ஆங்கிலேயர் காலத்தில். இச்சமூகத்தின் மூத்தவர்களிடம் போர்த்துக்கேயக் கிரியோல் மொழி மிச்சமிருக்கிறது. அன்றாடப் பேச்சு? நம் தமிழ்தான்.